கம்பத்து ஓணானும் மணல் விசிறியும்

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, பெரிய ரோட்டுக்குக் கிழக்கே, அப்போது வெறும் மணல்தான். அங்கங்கே காரைப் புதர், எருக்கு, ஆவாரை, கோரை. தலை நிமிர்ந்து பார்க்கிற உசரத்துக்கு மொட்டைப் பனை ரெண்டு. வெயில் ஏறிவிட்டால் செருப்பில்லாமல் காலை வைக்க முடியாது. கம்பெனிகள் வரப்போகின்றன என்று சர்க்கார் ஆட்கள் அளந்து கல் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. அதில் ஒரு துண்டு நிலத்துக்குக் காவலாளாக என் வீட்டுக்காரர் வேலைக்குப் போனார். இடுப்பில் பெண்குழந்தையோடு நானும் போனேன்.

ஆள் எடுத்தது கட்டட காண்ட்ராக்டர். அவர் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்கு எல்லாம் மேஸ்திரிதான். அவர் ரெண்டு பேரை எடுத்தார். மேற்கே ரோட்டுப் பக்கம் முன்கேட்டுக்கு என் வீட்டுக்காரர். கிழக்கே கால்வாய்ப் பக்கம் பின்கேட்டுக்கு, பழவேற்காட்டுப் பக்கத்து மீன்பிடிக் குப்பத்திலிருந்து வந்த ஒருத்தர். அவரும் பெண்சாதியோடு வந்தார். கேட்டு என்று பேச்சுக்குச் சொல்கிறேன். அப்போது கேட்டும் இல்லை, வேலியும் இல்லை. ஆளுக்கொரு ஓலைக் குடிசை, நடுவில் ஒரு கிணறு, அவ்வளவுதான்.

முதல் நாளே மேஸ்திரி விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். "கட்டடம் முடியற வரைக்கும் ரெண்டு பேரு. முடிஞ்சப்பறம் ஒருத்தரு. அவருக்கு உள்ளயே ஓட்டுவீடு ஒண்ணு கட்டித் தருவாங்க. யாரு பாங்கா இருக்கீங்கன்னு நான் பாத்துக்கினே இருப்பேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார். அவர் சக்கரத்தின் தடம் மணலில் அழிவதற்குள் நாங்கள் நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அளந்து பார்க்க ஆரம்பித்திருந்தோம்.

எனக்கு அந்த ஓட்டுவீடு வேண்டும். ஆரணியில் ஆற்றங்கரைப் பக்கம் என் மாமனார் வீடு. அவர் போனபிறகு நிலம் முழுக்கப் பெரியவர் கைக்குப் போய்விட்டது, அதாவது என் வீட்டுக்காரருக்கு அண்ணன். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டில் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டேன். கேட்டதற்கு என் ஓரகத்தி, "இது இன்னா உன் ஊடா, கேட்டுக் கேட்டு ஊத்திக்கறதுக்கு" என்றாள். தட்டைக் கழுவினேன், அடுக்களையில் கவிழ்த்தேன், குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். அந்தத் தட்டைத் திரும்பிப் போய் நிமிர்த்த மாட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். ஆகவே, இந்த மணலில் எனக்கு ஒரு இடம் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் போக்கிடம் இல்லை.

காவல் என்றால் உட்கார்ந்திருக்கிற வேலை. எனக்கு உட்காரத் தெரியாது. கை சும்மா இருந்தால் கால் ஆடும், கால் சும்மா இருந்தால் கண் அலையும். அந்தப் பொட்டலில் கண் அலைவதற்கு என்ன இருந்தது? ஓணான் இருந்தது, அரணை இருந்தது. அதைத்தான் பார்த்தேன்.

மணலில் ஒரு வகை குட்டி ஓணான். உடம்பு என் விரல் நீளம், மணல் எது அது எது என்று தெரியாத நிறம். அதில் ஆணுக்குத் தொண்டைக்குக் கீழே வெள்ளையாக ஒரு தோல் மடிந்து தொங்கும், நடுவில் நீலமாக ஒரு கோடு. பங்குனி வெயில் தொடங்கினதும் ஒவ்வொன்றும் ஒரு மண்கட்டியைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் ஏறி நின்று அந்தத் தோலை விசிறி மாதிரி விரிக்கும், மூடும், விரிக்கும், மூடும். பொட்டை எங்கேயாவது கோரைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கிட்டே போனால் பின்னங்கால் ரெண்டில் எழுந்து, மனுஷன் மாதிரி நிமிர்ந்து ஓடும். அதற்கு ஊரில் என்ன பேரோ எனக்குத் தெரியாது. பின்கேட்டுக்காரி, அதாவது அந்தக் குப்பத்துக்காரி, அதை விசிறி என்றாள். நானும் அப்படியே சொல்லிவந்தேன்.

அரணை புதருக்கு அடியில், சருகுக்குள். எண்ணெய் தடவினமாதிரி உடம்பு. காலையில் கொஞ்ச நேரம் வெளியே வந்து வெயில் காயும், பிறகு சருகுக்குள் நுழைந்துவிடும். அது நாக்கால் தொட்டால் உயிர் போய்விடும் என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புவார்கள், நானும் நம்பியிருந்தேன். ஒரு நாள் அரிசி களையும்போது என் பாதத்தின்மேல் ஏறி, நின்று, நாக்கை நீட்டி நீட்டி மணலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று. என் காலையும் தொட்டதா இல்லையா தெரியாது. அன்றைக்குப் பொழுது சாயும்வரை சாகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சோறு வடித்தேன்.

மூன்றாவது, எல்லாருக்கும் தெரிந்த பெரிய ஓணான். அது எங்கள் நிலத்தில் இல்லை. ரோட்டோரத்து வேலிப் புதரில்தான் இருந்தது. அதற்கு ஏறி நிற்க உசரம் வேண்டும்.

பின்கேட்டுக்காரியும் நானும் முதலில் பேசிக்கொள்ளவில்லை. கிணற்றில் வாளி ஒன்று, கயிறு ஒன்று. நான் விடிந்ததும் இறைத்துக்கொண்டு போய்விடுவேன். அவள் வெயில் ஏறினபிறகு வருவாள். யாரும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை. அரணை முதலில் வந்து போக, வெயில் ஏறினதும் விசிறி வருகிற மாதிரி அது தானாக அமைந்தது. அப்படியே இருந்திருந்தால் வம்பில்லை. ஆனால் வேலி வந்தது.

மறு வருஷம் தை மாசத்தில் கருங்கல் கம்பம் நட்டு, முள்கம்பி இழுத்தார்கள். தெற்குப் பக்கம் மட்டும் கம்பி போதாமல் கொஞ்ச தூரம் வெறும் கம்பமாக நின்றது. கம்பம் நட்டு முடித்த கொஞ்ச நாளைக்கெல்லாம் ரோட்டோரத்துப் பெரிய ஓணான்கள் கம்பியில் நடந்து உள்ளே வந்துவிட்டன. பங்குனியில் பார்த்தால் கம்பத்துக்கு ஒன்று. தலையும் தொண்டையும் ரத்தமாகச் சிவந்து, முன்னங்காலை ஊன்றித் தண்டால் எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு. ரத்தம் குடிக்கிறது என்று சின்ன வயசில் எங்களை ஓடவைத்த அதே ஓணான்தான்.

அன்றைக்குக் கிணற்றடியில் எனக்கு நேரமாகிவிட்டது. பின்கேட்டுக்காரி குடத்தோடு வந்து நின்றாள். கம்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பாத்தியாக்கா, யாரும் ஆர்டர் குடுக்காத வேலைக்குச் சேந்துட்சிங்க. கம்பத்துக்கு ஒருத்தரு. நம்பளாட்டம் ஒரு வேலைக்கு ரெண்டு குடும்பம்னு இல்ல."

"அதுங்களுக்கு மேஸ்திரி இல்ல" என்றேன்.

"ஏன் இல்ல. அந்த மூலைக் கம்பத்துல இருக்குதே, தலைய ஆட்டிக்கினு. நம்ப மேஸ்திரி தான் அது. ஆட்டுவாரே தவிர வாயத் தொறந்து யாருக்குன்னு சொல்ல மாட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இளப்பமாகிவிடும் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். குடிசைக்கு வந்தபிறகு சிரித்தேன்.

அந்த வெயில் காலம் முழுக்க நான் பார்த்த ஒரு விஷயம் உண்டு. பெரிய ஓணானும் அரணையும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. கம்பத்தின் காலடியிலேயே அரணை போகும், மேலே இருக்கிறவன் திரும்பியும் பார்க்க மாட்டான். விசிறி கட்டியின்மேல் நின்று விரித்தால் அதுவும் பெரிய ஓணானுக்காக இல்லை. சண்டையெல்லாம் தன் சாதியோடுதான். பக்கத்துப் பக்கத்துக் கம்பத்து ஓணான் ரெண்டும் நடுக்கம்பியில் சந்தித்து வாயைக் கவ்விக்கொண்டு கீழே விழும், எழுந்து மறுபடியும் கவ்வும். ரெண்டு விசிறி ஒரு மண்கட்டிக்காக ஒன்றையொன்று சுற்றிச் சுற்றித் துரத்தும். ஒரே இடம், ஒரே எறும்பு, ஒரே பொட்டை வேண்டும் என்கிறவன்தான் எதிரி. என் கண் பின்கேட்டுப் பக்கம் போகும்.

அதற்காகப் பெரிய ஓணான் விசிறிக்கு நல்லது செய்தது என்று இல்லை. ஒரு நாள் கம்பத்திலிருந்து ஒன்று தடதடவென்று இறங்கிற்று. விசிறிக் குஞ்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு மேலே ஏறிற்று. வாயோரத்தில் அதன் வால் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் விசிறிகள் வேலியோரத்தை விட்டுவிட்டன. கம்பத்தின் மேலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்துக்கு, நடு நிலத்துப் புதர்களுக்குள் ஒதுங்கிக்கொண்டன. சண்டை இல்லை, சத்தம் இல்லை. இடம் மட்டும் கை மாறிவிட்டது.

பெருக்குகிற பைத்தியம் பிடித்தது அந்தச் சித்திரையில்தான்.

நான் எங்கே இருந்தாலும் விடிந்ததும் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பேன். இங்கே வாசலுக்கு எல்லை எது? குடிசைக்கு முன்னால் கொஞ்ச தூரம் பெருக்கினேன். மேஸ்திரி வந்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "முன்கேட்டு பளிச்சுனு கீது. எடம்னா இப்படி இருக்கணும்" என்றார். காற்று கிழக்கே அடித்துக்கொண்டிருந்தது போல, அது பின்கேட்டுக்காரி காதில் விழுந்துவிட்டது.

மறுநாள் அவள் பக்கம் கிணறு வரைக்கும் துடைப்பத்தின் கோடு தெரிந்தது. நான் விடுவேனா? என் பக்கத்துச் சருகையெல்லாம் வாரினேன். அவள் கோரையைப் பிடுங்கினாள். நான் ஆவாரையை வெட்டினேன். பெருக்குவதோடு நிற்காமல் அது மண்வெட்டிக்கு வந்தது.

"இன்னாமே, காவலுக்கு வந்தியா, காட்டத் திருத்த வந்தியா" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நீங்க பீடியக் குடிச்சிக்கினு உக்காருங்க. ஓட்டுவீடு அதுவா நடந்து வராது."

பின்கேட்டுக்காரி தூரத்திலிருந்தே கத்துவாள். "யக்கா, செடி முடிஞ்சிட்டுன்னா மணலையும் பொறுக்கிப் போட்டுறாத. அப்பால நிக்கறதுக்கு எடம் இருக்காது."

"உன் பக்கத்து எருக்கு ஆள் உசரம் நிக்குது. பாம்பு பூந்துச்சின்னா மேஸ்திரிக்கு யாரு பதில் சொல்றது?"

மறுநாள் எருக்கு இல்லை.

பிடுங்கினதையெல்லாம் பின்கேட்டுக்கு வெளியே, வேலிக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருந்த புறம்போக்கில் கொண்டு போய்க் குவித்தோம். நான் ஒரு பக்கம் போடுவேன், அவள் ஒரு பக்கம் போடுவாள். யார் குவியல் பெரிசு என்று அதிலும் ஒரு போட்டி. வைகாசி முடியும்போது நிலம் மழித்த தலை மாதிரி இருந்தது. எனக்கு அதைப் பார்த்து ஒரு பெருமை.

விசிறிக்குத்தான் வினை. வேலியோரம் பெரிய ஓணானுடையது. நடுவில் ஒதுங்கப் புதர் இல்லை. உச்சிப் பொழுதில் ஒரு காலைத் தூக்கி ஒரு காலை வைத்து, நிழல் தேடி எழுந்து ஓடும். ஓடினால் கம்பியில் உட்கார்ந்திருக்கிற ரெட்டைவால் குருவி இறங்கும், பருந்து இறங்கும். அரணை அப்போதே காணாமல் போயிருந்தது. செங்கல் வந்து அடுக்கினபிறகு அந்த அடுக்குக்குள் போய்ச் சேர்ந்துகொண்டது. அதற்கு இருட்டும் இடுக்கும் போதும், சருகானால் என்ன, செங்கலானால் என்ன. விசிறிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதற்கு வேண்டியது மணல், மணலுக்குப் பக்கத்தில் ஒரு புதர், நிற்க ஒரு கட்டி.

ஒரு காலையில் பின்கேட்டுக்காரி குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்தாள். நான் தண்ணீருக்குப் போகிற சாக்கில் கிட்டே போனேன். மணலுக்குள் புளியங்கொட்டை அளவில் வெள்ளை முட்டைகள். துடைப்பம் மேல்மணலை வாரியிருந்தது. அவள் என்னைப் பார்க்காமலே கையால் மணலைத் தள்ளி மூடினாள். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டாள்.

"இத்த மட்டும் பெருக்க மாட்டேன். நீ போய் மேஸ்திரி கிட்ட வத்தி வெச்சிக்கோ" என்றாள்.

"எனக்கு வேற வேல இல்லியா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து என் பக்கம் பெருக்கினேன். ஆனால் குனிந்து பார்த்துப் பார்த்துப் பெருக்கினேன். அதனால் அன்றைக்கு வேலை சுணங்கிப்போயிற்று.

ஆனியில் அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டினார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்குள் ஆள் இடுப்பளவு பள்ளம். ஆடி பிறந்ததும் நல்ல நாள் பார்த்துக் கம்பெனி ஆட்கள் வருவார்கள், பூஜை போட்டுக் கல் வைப்பார்கள் என்று பேச்சு. ஆடியில் யாராவது நல்ல காரியம் செய்வார்களா என்று பின்கேட்டுக்காரி கேட்டாள். கம்பெனிக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான் என்றார் மேஸ்திரி.

காற்று அதற்கு முந்தின நாள் வந்தது. ஆடிக் காற்று வராத வருஷம் கிடையாது. முந்தின வருஷமும் அடித்தது, குடிசையின் ஓலை படபடத்ததோடு சரி. இந்த வருஷம் மேற்கே ரோட்டுப் பக்கமிருந்து கிளம்பினது தரையோடு தரையாக மணலைத் தூக்கிக்கொண்டு வந்தது. கணுக்காலில் ஊசி குத்துகிற மாதிரி. குழந்தையைப் புடவைக்குள் மூடிக்கொண்டு குடிசைக்குள் உட்கார்ந்திருந்தேன். காலையில் தொடங்கி மத்தியானம்வரை விடவில்லை. வெளியே வந்து பார்த்தால் சுண்ணாம்புக் கோடு இல்லை. கடக்கால் பள்ளம் பாதிக்கு மேல் தூர்ந்து கிடந்தது.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மணலைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தச் செடிகள். அதிலும் காற்று மேற்கே இருந்து. மேற்கே இருப்பது என் பக்கம்.

மேஸ்திரி வந்தார். சைக்கிளை நிறுத்தவில்லை, அப்படியே கீழே போட்டார். எங்கள் நாலு பேரையும் பள்ளத்தோரம் நிற்க வைத்தார்.

"நாளைக்கு ஆளுங்க வராங்க. இத்தப் பாத்தா என் கழுத்துக்குத்தான் கத்தி. செடி வேரு புடிச்சிக்கினு இருந்த மணலு இது. யாரு புடுங்கினது? யாருன்னு சொல்லுங்க. அந்தக் குடும்பம் இன்னிக்கே குடிசையக் காலி பண்ணிக்கினு போவணும்."

பளிச்சென்று இருக்கிறது என்று சொன்னவரும் அவர்தான். அதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. என் வீட்டுக்காரர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். பின்கேட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். நான் பின்கேட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் கையை நீட்டி மேற்கே காட்டினால் போதும். ஓட்டுவீடு அவளுடையது. நான் சாயங்காலம் ஆரணிக்குப் போய்ச் சேர்ந்து, அடுக்களையில் கவிழ்த்த தட்டை நிமிர்த்த வேண்டியதுதான். நானே முந்திக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு வரைக்கும் வந்தது.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆடு மேஞ்சிட்சி நைனா" என்றாள்.

மேஸ்திரி அவளையே பார்த்தார். "ஆடா?"

"தெக்கால கம்பி இல்ல பாரு, அந்த வழியா பூந்துட்சிங்க. எத்தினி வாட்டி முடுக்கினேன்."

"ஆடு எருக்கந்தழையத் துன்னுமா?"

"துன்னாது. மிதிச்சிட்சி."

"வேரோட எப்டிப் போவும்?"

"இந்த ஊரு ஆடு அப்டி."

காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்தில் மணலை ஊற்றிக்கொண்டிருந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"நானும் பாத்தேன் மேஸ்திரி. வெள்ளாடு. கருப்பு ஒண்ணு, செவப்பு ரெண்டு."

மேஸ்திரிக்குத் தெரியும். எங்கள் ரெண்டு பேர் உள்ளங்கையும் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போயிருந்தது. ஆனால் ஒரு குடும்பத்தைத் துரத்த ஒரு பேர் வேண்டும். எங்களிடம் ஆட்டின் பேர்தான் கிடைத்தது. நின்று நின்று பார்த்துவிட்டு, "பொழுது சாயறதுக்குள்ள பள்ளம் பள்ளமா இருக்கணும். இல்லாட்டி நாலு பேரும் அந்த ஆட்டோட போயிடுங்க" என்றார்.

பாண்டுச் சட்டியும் மண்வெட்டியும் எடுத்து இறங்கினோம். ஆண்கள் வெட்டினார்கள், நாங்கள் சுமந்தோம். எடுக்க எடுக்க மேற்கிலிருந்து வந்து விழுந்துகொண்டே இருந்தது. ஏதாவது மறைப்பு வைக்காவிட்டால் ஆகாது என்று நான் சொன்னேன். செடிக் குவியலை இழுத்து வந்து வரிசையாகப் போடலாம் என்று நானும் பின்கேட்டுக்காரியும் வேலிக்கு வெளியே போனோம்.

குவியல் நாங்கள் போட்ட மாதிரி இல்லை. காற்று கொண்டுவந்த மணலெல்லாம் அதில் தட்டி நின்று, செடியைப் பாதி மூடி, நீளமாக ஒரு மேடாகிவிட்டிருந்தது. முள்ளும் சுள்ளியும் மணலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு சுள்ளியைப் பிடித்து இழுத்தேன். அடியிலிருந்து ஒரு விசிறி எழுந்து ரெண்டு காலில் ஓடிற்று. அந்தப் பக்கம் இன்னொன்று. மேட்டின்மேல் ஒரு கட்டியில் ஒன்று நின்றுகொண்டு எங்களைப் பார்த்துத் தொண்டையை விரித்தது. பருவம் போய் வெளுத்த விசிறி, நீலம் மங்கியிருந்தது. ஆனாலும் விரித்தது.

"உடு யக்கா. குடியிருக்குதுங்க" என்றாள்.

"காஞ்ச செடி காத்துல பறந்துடும். ஓலைத் தட்டிதான் நிக்கும்" என்றேன் நான். அவள் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே யோசனைக்குத்தான் போயிற்று. என் குடிசையின் மேற்குத் தட்டியை அவிழ்த்தோம், அவள் குடிசையின் தட்டியையும் அவிழ்த்தோம், பள்ளத்துக்கு மேற்கே நட்டுக் கட்டினோம். மணல் தட்டியில் மோதி நின்றது.

சுமக்கும்போது கேட்டேன். "காத்து எங்கேர்ந்து வந்துச்சின்னு உனுக்குத் தெரியும்ல. ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும். நீ பூடுவ. அப்பால இந்தப் பொட்டல்ல நான் யாரு கூடச் சண்ட போட்டுக்கினு கெடக்கறது, என் ஊட்டுக்காரரு கூடவா? அது வாயே தொறக்காது."

தலைச் சட்டியை இறக்கிவிட்டு அவள் திரும்பிப் போனாள். அதற்குமேல் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

மறுநாள் பூஜை தவறாமல் நடந்தது, கட்டடம் எழும்பினது. சுவர் வந்ததும் பல்லி வந்தது. அதுவரை எங்கள் குடிசையில்கூட நான் ஒரு பல்லியைப் பார்த்ததில்லை. செங்கல் லாரியில் வந்ததா, மரத்தோடு வந்ததா, தெரியாது. டியூப் லைட்டுக்குப் பின்னால் அதுபாட்டுக்குக் குடும்பம் நடத்திற்று. வேலிக்குள் மணல் தெரியாமல் சிமெண்ட்டு போட்டார்கள். செங்கல் தீர்ந்ததும் அரணையும் எங்கோ போயிற்று. கம்பத்து ஓணான் மட்டும் இருந்தது, அதன் கம்பத்தை யாரும் தொடவில்லை.

ஓட்டுவீடும் கட்டினார்கள். முன்கேட்டுக்குப் பக்கத்தில், என் குடிசைக்கு எதிரிலேயே. ஒரு ரூம், ஒரு சமையல் மாடம், சின்னதாக ஒரு ஜன்னல். ஓடு வேய்ந்த அன்றைக்கு நான் உள்ளே போய் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தேன். வெளியே வரும்போது பின்கேட்டுக்காரி உள்ளே போனாள். அவளும் திறந்து மூடின சத்தம் கேட்டது. மேஸ்திரி வருகிற நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. யார் என்று இன்றைக்குச் சொல்வார், நாளைக்குச் சொல்வார் என்று வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்தபடியே இருந்தேன். பின்கேட்டுப் பக்கமும் அதே நடைதான்.

கடைசியில் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள், காக்கிச் சட்டையும் பூட்ஸும் விசிலும் போட்ட ஆட்கள். மெட்ராசிலிருந்து கம்பெனியே ஏற்பாடு செய்த காவல். அவர்கள் எங்களிடம் சண்டைக்கு வரவில்லை. எங்களைப் பார்க்கக்கூட இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக ஓட்டுவீட்டுக்குள் போனார்கள்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "என் கையில ஒண்ணும் இல்லம்மா. கம்பெனி ஆள் வெச்சிக்கிச்சி. ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்கோங்க."

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் பாயைச் சுருட்டினார். "ஆரணிக்கே பூடலாம்மே. அண்ணன் இன்னா அடிச்சா தொரத்திடுவாரு" என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. குடிசைக்குள் நின்றால் குறுகலாக இருந்தது, வெளியே நின்றால் அந்த ஜன்னல் தெரிந்தது. கண் தானாக வேலியைத் தாண்டிக் கிழக்கே போயிற்று.

"பாயக் கட்டாதீங்க. ஓலையக் கட்டுங்க" என்றேன். "பின்னால அந்த மேட்டாண்ட போடுவோம். அது கம்பெனிதும் இல்ல, உங்க அண்ணனுதும் இல்ல."

"அங்க இன்னா இருக்குது?"

"மணல் இருக்குது. மேடு இருக்குது. வேற இன்னா வேணும்? நீங்க நாளைக்குப் பக்கத்துக் கம்பெனியில மூட்ட தூக்கப் போங்க. எடுக்கறாங்க, விசாரிச்சிட்டேன்."

விசாரிக்கவில்லை. ஆனால் எடுத்தார்கள்.

குழந்தையை இடுப்பிலும் ஓலைக்கட்டைத் தலையிலும் வைத்துக்கொண்டு பின்கேட்டைத் தாண்டினால், மேட்டின் வடக்கே பின்கேட்டுக்காரி ஏற்கெனவே கம்பு நட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் குழி தோண்டிக்கொண்டிருந்தார், வாய் திறக்காமல். அவளும் குப்பத்துக்குத் திரும்பவில்லை. அங்கே அவளுக்கு எந்தத் தட்டு கவிழ்ந்திருந்ததோ, நான் கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. வாய் மட்டும் வேறு சொல்லிற்று.

"வந்துட்டியா. எங்க போனாலும் பின்னாலயே வருவியா?"

"குவிச்சதுல பாதி என் செடி. என் பக்கம் தெக்கால. இந்தக் கட்டிக்கு இப்பால நீ வரக்கூடாது."

"அந்தக் கட்டி என்னுது. நான் போட்ட எருக்கு அடியில கீது பாரு."

அந்தக் கட்டியின்மேல் ஒரு விசிறி நின்றுகொண்டிருந்தது. இது யார் பக்கம் என்று அது எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்த மாதிரி இருந்தது. கடைசியில் கட்டியை அதற்கே விட்டுவிட்டு, அதற்குத் தெற்கே நானும் வடக்கே அவளுமாகக் குடிசை போட்டோம். பிறகு எத்தனையோ வருஷம் அந்த இடத்தில் இருந்தோம். சண்டை போடாத வாரம் கிடையாது.

முதல் நாள் விடிந்ததும் வழக்கம்போல எழுந்தேன். புது இடம், கை பரபரத்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்து குனிந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"யக்கா."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் குடிசை வாசலில் குந்தி, வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெருக்காத" என்றாள்.

துடைப்பத்தை ஓலையில் செருகிவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தான் உட்கார முடிந்தது. எழுந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, மேட்டோரத்தில் வேர் மிச்சமிருந்த ஒரு காரைக் குச்சிக்கு ஊற்றினேன்.